எலி கடித்தால் கவர் ஆகாது

ஏமாறுவதற்கென்றே குளித்து, தலை சீவி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கடைக்குப் போகிற ஒரே மனிதர் என் மாமாதான். மற்றவர்கள் பொருள் வாங்கப் போவார்கள், போன இடத்தில் ஏமாறுவார்கள். மாமா பொருளுக்கு ஒரு தடவை காசு கொடுப்பார். அது கெட்டுப்போனால் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு காகிதம் நீட்டுவார்களே, நீட்டித்த வாரண்டி, அதற்கு இன்னொரு தடவை கொடுப்பார். ஒரே வரிசையில் நின்று இரண்டு முறை ஏமாந்துவிட்டு, ஏதோ அந்தக் கடைக்காரரின் மூக்கையே அறுத்துவிட்டு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். தெருமுனையில், அரசு அலுவலகத்துக்கு எதிர்த்தாற்போல் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கடை என்றால், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய அறை. நகல் எடுக்கிற மெஷின் ஒன்று, லேமினேஷன் மெஷின் ஒன்று, கண்ணாடி போட்ட மேசை ஒன்று. மிச்ச இடத்தில் மாமா. இருபது வருடமாக அந்தத் தெருவின் பிறப்பு, கல்யாணம், வீட்டுப் பத்திரம், இறப்பு எல்லாம் அவர் கை வழியாகத்தான் எதிர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அதில் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. படிப்பது நம் வேலை இல்லை, எடுப்பதுதான் நம் வேலை என்பார். இதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

காகிதம் என்றால் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. மிக்ஸிக்கு நீட்டித்த வாரண்டி. டிவிக்கு, போனுக்கு, கரண்ட் போனால் எரிகிற விளக்குக்கு. ஒருமுறை எலி விரட்டும் மின்சாரக் கருவி ஒன்று வாங்கினார். எலிக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சத்தம் போடுமாம். அதற்கும் மூன்று வருடத்துக்குக் காகிதம் எழுதி வாங்கினார். நான்காம் மாதம் எலி வந்து அந்தக் கருவியின் ஒயரையே கடித்துத் துண்டாக்கிவிட்டுப் போனது. மாமா காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். எலி கடித்தால் கவர் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு எவராக இருந்தாலும் அன்றோடு தெளிந்திருப்பார்கள். மாமாவோ, தப்பு எலியுடையது, கம்பெனியுடையது அல்ல என்று எங்களுக்கு விளக்கினார்.

நான் அவரைச் சும்மா விட்டதில்லை. ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை மாற்றி அவருக்குப் போன் போட்டேன். சார், உங்கள் முதுகுவலிக்கு மூன்று வருட வாரண்டி தருகிறோம், இன்றைக்கு மட்டும் சலுகை என்றேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உதிரி பாகம் கவர் ஆகுமா?"

கீழ் வீட்டிலிருந்து என் சிரிப்பு மாடிக்குக் கேட்டிருக்கும். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அத்தைக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. அத்தை ஒரு துணிக்கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கிறவர். பொத்தான் தெறித்தால் திரும்பத் தைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் அறிந்த வாரண்டி. இரண்டு வருடத்துக்கு முன்பு பழைய மெஷின் உட்கார்ந்துவிட்டதால் மாமா புது மெஷின் வாங்கக் கிளம்பியபோது, இருவரும் படியில் நின்றே கணக்குப் போட்டார்கள். நான் செருப்பு தேடுகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"போர்டு போச்சுன்னா மெஷின் விலையில பாதி கேப்பான். வாரண்டிக்குப் பத்துல ஒரு பங்குதான். எது லாபம், நீயே சொல்லு" என்றார் மாமா.

"போகலேன்னா?"

"போகாம இருக்குமா?"

"போகும்னு தெரிஞ்சே அதை எதுக்குங்க வாங்குறீங்க?"

யாராவது மடக்கினால் வழக்கமாகச் செய்வதை மாமா செய்தார். கடைக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். அந்தக் காசை ஒவ்வொரு தடவையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தால், இந்நேரம் எது கெட்டாலும் அதிலிருந்தே சரி பண்ணியிருக்கலாம் என்று அத்தை அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். முதுகு கேட்டுக்கொள்ளவில்லை.

ஷோரூமுக்கு நானும் போயிருந்தேன். கழுத்தில் டை கட்டிய ஒரு அண்ணன் மாமாவைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். நாற்காலி போட்டார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார், மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தையும் வாரண்டியைப் பற்றி இருநூறு வார்த்தையும் பேசினார். கம்பெனி ஒரு வருடம் தருகிறது, மேலே இரண்டு வருடம் நாங்கள் அவர்களிடமே வாங்கித் தருகிறோம், மொத்தம் மூன்று வருடம் நீங்கள் காலை நீட்டித் தூங்கலாம் என்றார். எல்லாமே கவர் ஆகுமா என்று மாமா கேட்டார். எல்லாமே சார் என்றார் அவர். எறும்பு எழுத்தில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தையும் பில்லையும் சேர்த்து உறையில் போட்டுக் கொடுத்தார். மாமா அதை வாங்கிய விதத்தைப் பார்த்தால், மெஷினை இலவச இணைப்பு என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த பில், பேக்கரியில் சாமான் வாங்கினால் கொடுப்பார்களே, அந்த மாதிரி வழவழப்பான சுருள் காகிதம். சூட்டில் எழுத்து விழுகிற ரகம். இதை லேமினேட் பண்ணினால் மொத்தமும் கறுப்பாகிவிடும் என்று மாமாவுக்குத் தொழிலிலேயே தெரியும். அதனால் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தார். பில்லை நகல் எடுத்து, நகலை லேமினேட் செய்து வீட்டு பீரோவில் பூட்டி வைத்தார். அசலை, கடை மேசையின் கண்ணாடிக்கு அடியில், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி செருகினார். வாசலைப் பார்த்த மேசை அது. காலை முதல் மதியம் வரை வெயில் அதன் மேல்தான் படுத்துக் கிடக்கும்.

மெஷினின் பின்பக்கம், ஒரு திருகாணியின் தலையை மூடி, வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. இதைக் கிழித்தால் வாரண்டி போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. தினமும் கடை திறந்ததும் மாமா துணியால் முதலில் துடைத்தது அந்த ஸ்டிக்கரைத்தான்.

பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எந்நேரமும் காதில் பென்சில் போலத் திருப்புளியைச் செருகியிருப்பதால் தெருவே அவரைத் திருப்புளி என்றுதான் கூப்பிடும். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து தூசி தட்டித் தருகிறேன் என்று அவர் நல்லபடியாகத்தான் வந்து சொன்னார். வாரண்டி இருக்கிற பொருளில் கண்டவன் எல்லாம் கை வைக்கக் கூடாது என்று மாமா நான்கு பேர் எதிரே சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து திருப்புளி இந்தக் கடையைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போவார்.

இருபது மாதம் அந்த மெஷின் எருமை மாதிரி உழைத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாமாவுக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். கொடுத்த காசு வீணாகப் போகிறதே என்று.

இருபத்தோராவது மாதம், எதிர் அலுவலகத்தில் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள். விண்ணப்பிக்கப் பத்தே நாள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் மூன்று நகல். வருடத்தின் மற்ற நாளெல்லாம் மாமாவின் கடை வாடகைக்கும் கரண்டுக்கும் ஓடும். வீட்டுக்கு என்று ஏதாவது வருவது இந்த மாதிரிப் பத்து நாளில்தான். போதாக்குறைக்கு, நாலு கட்டிடம் தள்ளி, சாலையின் எதிர்ப்பக்கம் ஒருவர் இரண்டு மெஷினோடு புதுக்கடை திறந்திருந்தார். இந்தப் பத்து நாளில் கூட்டம் அங்கே போய்ப் பழகிவிட்டால் அதற்குப் பிறகு மாமா ஈ ஓட்ட வேண்டியதுதான். இது மாமாவுக்கே புரிந்திருந்தது. அவருக்கே புரிகிற அளவுக்கு விஷயம் தெளிவாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை, வரிசை நடைபாதை வரை நின்றபோது, மெஷின் தகரத்தைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பாதி விழுங்கிய தாளை விசிறி மடிப்பாக மடித்து வெளியே துப்பிவிட்டு நின்றது.

மாமா சிரித்தார். பொய் சொல்லவில்லை, நான் பேக்கரி வேலைக்குப் போகிற வழியில் என் கண்ணால் பார்த்தேன். முகமெல்லாம் பூரித்துப்போய், வரிசையைப் பார்த்து, யாரும் கவலைப்படாதீங்க, வாரண்டி இருக்கு என்றார். வரிசை அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நாலு கட்டிடம் தள்ளி நடந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்துங்கள், மூன்றை அழுத்துங்கள் என்று பாட்டோடு சேர்த்து முக்கால் மணி நேரம். நான்காம் நாள்தான் ஒரு ஆள் பையோடு வந்தார். மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதலில் ஒரிஜினல் பில் வேண்டும் என்றார். மாமா மேசைக் கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிப் பில்லை உருவி நீட்டினார்.

சர்வீஸ் ஆள் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். முத்திரை மை டப்பா எப்போதும் உட்கார்ந்திருக்கும் மூலையில் மட்டும் இரண்டு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மற்றபடி சுத்த வெள்ளை. வெயில் மொத்தத்தையும் தின்றுவிட்டிருந்தது. கூட்டத்துக்குக் காட்டுவதற்காக மாமா தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாரே தவிர, அதற்கடியில் இருந்ததைக் குனிந்து பார்த்ததே இல்லை. மூன்று வருட வாக்கை ஒரு வருடம்கூட நிற்காத எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தவர்களைத் திட்டுவதா, அதை வெயிலில் காயப்போட்ட இவரைத் திட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மாமா வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்து, லேமினேட் செய்த நகலைக் கொண்டுவந்தார். எழுத்து ஒவ்வொன்றும் முத்து மாதிரி இருந்தது.

"இது நகல் சார். நகல் செல்லாது" என்றார் சர்வீஸ் ஆள்.

இருபது வருடமாக மாமா அதே இடத்தில் நின்றுகொண்டு, வெறும் நகலை மட்டும் கொண்டுபோனால் உள்ளே வாங்க மாட்டார்கள், ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தவர். ஷோரூமில் கேட்டு வேறு பில் வாங்கலாம் என்றால், அந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். நாளை மதியத்துக்குள் ஒரிஜினல் காட்டினால் வருகிறேன், இல்லாவிட்டால் புகாரை மூடிவிடுவேன், நடுவில் அந்த ஸ்டிக்கரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போய்விட்டார். இதற்கு இரண்டு நாள் காத்திருப்பு.

எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்க விட்டுவிட்டு வந்தவள் நான். எனக்கே தெரிகிறது, இவருக்குத் தெரியவில்லை. அந்த எரிச்சலில்தான், அவர் அசந்த நேரம் பார்த்து அந்த லேமினேட் நகலை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. அங்கே பில் போடுகிற மெஷின் என் பொறுப்பு. தலைப்பில் பேக்கரி பெயரை அழித்து ஷோரூம் பெயரை ஏற்றினேன். பில் எண், மெஷின் எண், தேதி, நீட்டித்த வாரண்டி மூன்று வருடம், கமா உட்பட அப்படியே அடித்தேன். அழுத்தினதும் கரகரவென்று பில் வந்தது. கொஞ்சம் கசக்கி, முதலாளி பார்க்காதபோது தேநீரில் ஒரு ஓரத்தை நனைத்து, பழசாக்கினேன். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

மறுநாள் காலை மாமாவின் மேசையில் வைத்தேன். மெஷின் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். சாலையின் அந்தப் பக்கம், புதுக்கடையின் வரிசை நன்றாகத் தெரிந்தது.

"என்னடி இது?"

"உங்க ஒரிஜினல். கிடைச்சிருச்சு."

மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு ஓரத்தில் நகத்தால் கீறினார். கறுப்பாகக் கோடு விழுந்தது. முகர்ந்தார்.

"பன் வாசனை அடிக்குது, வாலு."

மதியத்துக்குள் அந்த ஆளைக் கூப்பிடுங்கள், சாயங்காலம் மெஷின் ஓடும் என்று மட்டும் சொன்னேன். மாமா பில்லை மேசையில் வைத்துக் கையால் நீவி நீவி நிமிர்த்தினார்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கடி. என்கிட்ட எத்தனை பேர் வந்திருக்காங்க தெரியுமா? பிறந்த வருஷத்துல ஒரே ஒரு எண்ணை மாத்தி எடுத்துக் குடுங்க, வயசு தாண்டிருச்சுன்னு. ஒருத்தர் இந்த மேசையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. அவரையே திருப்பி அனுப்பினேன். இப்ப எனக்குன்னு வந்ததும் இதை நீட்டினா, அவர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"அவர் எங்க இருக்காரோ. நீங்க கடையைப் பாருங்க மாமா."

"கடையைத்தான்டி பாக்குறேன்" என்று சொல்லி, பில்லை இரண்டாகக் கிழித்தார். பிறகு நான்காக. அவ்வளவு முட்டாளை நான் பார்த்ததில்லை. குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கடை குப்பையாகக் கூடாதே என்று.

கோபத்தில், உறையிலிருந்த அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து, இதையாவது ஒருதரம் படித்தீர்களா என்று கேட்டேன். எழுத்து சின்னது, பெரிதாக நகல் எடுத்துப் படிக்கலாம் என்று வைத்திருந்தேன் என்றார். மெஷின் ஓடினால் அல்லவா பெரிதாக எடுக்க. போன் கேமராவில் பெரிதாக்கி நானே வாசித்தேன். பதினாலாவது விதியில் நின்றுவிட்டேன். இந்த வாரண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும். கடை, அலுவலகம் போன்ற வணிகப் பயன்பாட்டில் ஏற்படும் எந்தப் பழுதுக்கும் பொருந்தாது.

மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நகல் மெஷினை எவன்டி வீட்டுக்கு வாங்குவான்?"

"உங்களுக்கு வித்தவரைத்தான் கேக்கணும்."

ஒரிஜினல் இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. பில் வெளுப்பதற்கு முன்பே, டை கட்டிய அண்ணன் தண்ணீர் கொடுத்த அன்றைக்கே, அந்த வாரண்டி செத்துப் பிறந்திருந்தது. இருபத்தோரு மாதமாக மாமா துடைத்துத் துடைத்து வைத்திருந்தது ஒரு பிணத்தை.

அவர் கொஞ்ச நேரம் புதுக்கடையின் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷினுக்குப் பின்னால் போய்க் குந்தினார். வெள்ளி ஸ்டிக்கரின் ஒரு முனையில் நகத்தைக் கொடுத்தார். அவ்வளவு நாள் துடைத்ததில் அது நன்றாக ஒட்டிப்போயிருந்தது. துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. முழுவதும் உரித்து முடித்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"திருப்புளியைக் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. ... மன்னிப்புன்னு ஏதாவது சேத்துக்கோ."

திருப்புளி உடனே வந்துவிடவில்லை. தேநீரை முழுவதுமாகக் குடித்தார், டம்ளரைக் கழுவினார், துடைத்தார், அதன் பிறகுதான் எழுந்தார். கடைக்கு வந்து, ஸ்டிக்கர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்டவன் கை வைக்கலாமா சார் என்று மாமாவைக் கேட்டார். மாமா தலையை ஆட்டினார். கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பல் சக்கரத்தை வெளியே எடுத்தார். பிளாஸ்டிக். பொத்தான் அளவுகூட இல்லை. இரண்டு பல் உடைந்திருந்தது.

"இதுக்கா சார் மூணு நாள் கடையைச் சும்மா போட்டு வச்சீங்க?"

செத்துப்போன வேறொரு மெஷினிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றிவந்து மாட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மெஷின் ஓடியது. அவர் கேட்ட கூலி, மாமா அந்தக் காகிதத்துக்குக் கொடுத்ததில் கால் பங்கு. அதிலும், நாலு பேர் எதிரே பேச்சு வாங்கினதற்குக் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன் என்று அவரே வாயால் சொன்னார். மாமா எண்ணாமல் கொடுத்தார். இதற்கு வாரண்டி ஏதும் உண்டா என்று பழக்கதோஷத்தில் கேட்டும்விட்டார்.

"அடுத்த சந்துலதான் சார் இருக்கேன். சத்தம் வந்தா சத்தம் குடுங்க" என்றார் திருப்புளி.

விண்ணப்பத்துக்கு இன்னும் ஐந்து நாள் மிச்சம். போன கூட்டம் முழுவதும் திரும்பவில்லை, பாதி வந்தது. புதுக்கடையில் ஒருவருடைய சான்றிதழைக் கிழித்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியதும் இன்னும் கொஞ்சம் வந்தது. அந்தப் பேச்சை யார் பரப்பினார்கள் என்று தெரியவில்லை. பேக்கரியில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் ஆயிரம் பேசுவார்கள்.

கடை இப்போதும் இருக்கிறது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வெள்ளைச் சீட்டும் அப்படியே இருக்கிறது. எடுங்கள் என்றால் எடுக்க மாட்டேன் என்கிறார்.

போன மாதம் அத்தைக்கு இஸ்திரிப்பெட்டி வாங்கப் போனோம். வேறு ஷோரூம், வேறு டை, அதே குளிர்ந்த தண்ணீர். இன்னும் கொஞ்சம் போட்டால் மூன்று வருடம் கவலை இல்லை சார் என்று அந்த அண்ணன் ஆரம்பித்தார். அத்தை என் கையைக் கிள்ளினார். மாமா தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"தம்பி, நீங்க குடுக்கிற பில்லுல எழுத்து எத்தனை வருஷம் நிக்கும்?"

அண்ணன் பில்லைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. மாமா இஸ்திரிப்பெட்டிக்கு மட்டும் காசு கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அந்த மிச்சக் காசை அத்தை அங்கேயே, ஷோரூம் வாசலிலேயே, கை நீட்டி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். டப்பாவுக்கு என்றார்.

வீடு வருகிறவரை பஸ்ஸில் மாமா அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டே வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் தூக்கிப் பிடித்தார். காகிதம் இல்லையாம், பயமாம். பெட்டியின் என் பக்கத்து ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவர் கீழே போட்டுத் தொலைத்தால் மறுபடி யார் அலைவது, அதனால்தான்.